போனைப் பார்க்காத பெண்

அத்தியாயம் 6

“தரணீதரன் ஏவி விட்ட நாய்ங்கதானே நீங்க?” என்று கேட்டுக்கொண்டே தௌபிக் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினான்.

நாய் என்றது ஜெயபாண்டிக்குப் பெரிதாகப் படவில்லை. ஷட்டரின் விளிம்பு தன் உச்சந்தலைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றதுதான் கவலையாக இருந்தது.

“நாய்தான்ணே. ஆனா கடிக்கிற ரகம் இல்லை, மோப்பம் பிடிக்கிற ரகம்” என்றான். “ரெண்டு கேள்வி கேட்டுட்டு வாலை ஆட்டிக்கிட்டுப் போயிருதோம்.”

தௌபிக் சிரிக்கவில்லை. அதற்குள் சைதுன்னிசா குனிந்து ஷட்டருக்கு அடியில் நுழைந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கடையில் இருந்த ஒரே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பதை நெருங்கும் பெண் மூட்டுவலியோடு உட்கார்ந்த பிறகு எழுந்து போ என்று சொல்லக் கொங்கு நாட்டுப் பையனுக்கு வாய் வராது. அது அவருக்குத் தெரியும். அவருக்கு மூட்டுவலியே கிடையாது என்பது பாண்டிக்குத் தெரியும்.

மங்கலம் மெயின் ரோட்டில் எம்பிராய்டரி மெஷின்களின் மின்னணு போர்டுகளைப் பழுது பார்க்கும் கடை அது. மேஜை முழுக்க உடல் திறந்த போர்டுகள். நடுவில் ஒரு கம்ப்யூட்டர்.

சைதுன்னிசாவுக்குத் திருப்பூர் காதர்பேட்டையில் பட்டன் கடைக்கு மேலே ஒரு துப்பறியும் நிறுவனம். அதற்கு முன்னால் பனியன் கம்பெனியில் தரப் பரிசோதகர். தையல் விட்ட இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்லிவிடுவார். கம்பெனியை விட்ட பிறகும் அந்தத் தடவல் போகவில்லை. துணிக்குப் பதில் மனிதர்கள், அவ்வளவுதான். ஜெயபாண்டி அவருடைய உதவியாளன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். செல்போன் கடையில் இருந்தான். வாய் அதிகம் என்று அங்கே அனுப்பிவிட்டார்கள். வாய்க்கும் சேர்த்து வேலை கொடுத்தவர் சைதுன்னிசா.

“தம்பி, ஒரு பொண்ணைக் காணோம்னு தேடறோம்” என்றார். “பேரு இந்துமதி. உங்களோட அடிக்கடி பேசும்னு சொன்னாங்க.”

“தேடச் சொன்னது யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம்.”

சொல்ல என்ன இருக்கிறது? அந்த வாரத் தொடக்கத்தில் தரணீதரன் தானே மாடியேறி வந்தார். வலைநூல் என்ற மென்பொருள் கம்பெனியின் முதலாளி. அவர்கள் செய்த செயலிக்குத் தோழன் என்று பெயர். திருப்பூரில் பாதித் தொழிலாளிகள் போனில் அது இருந்தது. வருகைப்பதிவு, சம்பள விவரம், கம்பெனிப் பஸ், டவுன் பஸ் நேரம் எல்லாம் அதில்தான். தன்னிடம் வேலை பார்த்த இந்துமதி மொத்த மென்பொருளையும் திருடி, பெங்களூர் போட்டிக் கம்பெனிக்கு விற்கப் போகிறாள், கண்டுபிடித்துக் கொடுங்கள் என்றார். கை கூப்பித்தான் பேசினார். கடைசி வரைக்கும் கூப்பிய கையைப் பிரிக்கவில்லை.

“திருடினாளாமா?” தௌபிக் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை மேஜையில் எறிந்தான். “எதைங்க? தோழனுக்கு முதுகெலும்பே நான் எழுதினதுங்க. எங்க மாமா யூனிட்டுக்கு வருகைப்பதிவு போடறதுக்கும் பஸ் நேரம் பார்க்கறதுக்கும் எழுதினேன். எல்லாருக்கும் உதவட்டும்னு முழுசா நெட்டுல வெச்சேன். அதைத் தூக்கிட்டுப் போயி அவன் சட்டையை மாட்டிவிட்டதுதான் தோழன்.”

“சும்மா குடுத்தீங்க, எடுத்துக்கிட்டாங்க” என்றான் பாண்டி. “அன்னதானம் போட்டுட்டு, சாப்பிட்டவன் ஏப்பம் விடுதான்னு கோவிச்சா எப்படிண்ணே?”

“நான் வெச்சது தண்ணிப்பந்தல். யாரு வேணும்னாலும் குடிக்கலாம், பானையோட தூக்கிட்டும் போகலாம். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். தண்ணியில நீ எதையாச்சும் கலந்து மத்தவனுக்குக் குடுத்தா, என்ன கலந்தேன்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி சொல்லோணும். அவன் எதையோ கலந்து, மூடி போட்டு, பூட்டும் போட்டுட்டான். என்னடா கலந்தேன்னு கேட்டதுக்கு எம்மேலயே வக்கீல் நோட்டீஸ். ‘ஓசியில கெடைக்கற சாமானுக்கு ஓனர் என்ன ஓனர்’னு போன்ல கேட்டானுங்க. அவனுக்காகத் தேடி வந்திருக்கீங்க நீங்க.”

சைதுன்னிசாவின் பார்வை கம்ப்யூட்டர் திரையில் இருந்தது. தௌபிக் பொதுவில் வைத்த மென்பொருளின் பக்கம் அது. ஊர் உலகத்திலிருந்து யார் யாரோ அனுப்பிய திருத்தங்கள் வரிசையாக நின்றன. மேலே இருந்ததை அனுப்பியவர் பெயர் மயிலாள். சாமளாபுரத்தில் மதியம் வரும் டவுன் பஸ் இப்போது குளத்து ஸ்டாப்பில் நிற்பதில்லை, ரைஸ்மில் எதிரில்தான் நிற்கிறது, மாற்றிக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது.

“இந்த மயிலாள் யாருங்க தம்பி?”

தௌபிக்கின் கை சட்டென்று திரையை மறுபக்கம் திருப்பியது.

“தெரியாதுங்க. யாரு வேணும்னாலும் திருத்தம் அனுப்பலாம். நிஜப் பேரு என்னன்னு நாங்க கேக்கறதில்லை.”

“நல்ல வழக்கம். மெதுவாத் திருப்புங்க, ஒயர் கழண்டுக்கப் போகுது” என்று சொல்லி சைதுன்னிசா எழுந்தார். இந்த முறை முழங்காலைப் பிடிக்க மறந்துவிட்டார்.

அவர்கள் வெளியே வந்ததும் ஷட்டர் முழுதாக இறங்கியது.

“என்னக்கா, ஒண்ணும் பெயரலையே” என்றான் பாண்டி.

“வண்டியில ஏறு. சாமளாபுரம் போறோம்.”

“பஸ் நிக்கிற இடத்தை எவனோ திருத்துனதுக்கா?”

“எவனோ இல்லை. தெனமும் அந்த ஸ்டாப்புல நிக்கற யாரோ. அதுவும் மென்பொருளைத் தொறந்து திருத்தத் தெரிஞ்ச யாரோ. தறி ஓட்டற ஊர்ல அப்பிடி எத்தனை பேர் இருப்பாங்க?” சைதுன்னிசா ஹெல்மெட்டை மாட்டினார். “அந்தப் பொண்ணு போனை அணைச்சுட்டா, பேரை மாத்திட்டா, ஊரை மாத்திட்டா. ஆனா தப்பைக் கண்ணுல பார்த்துட்டு சும்மா இருக்க முடியலை. நான் இப்பவும் கல்யாண ஊட்டுப் பந்தியில எதிர்ல உக்காந்தவன் சட்டையில தையல் விட்டிருந்தா சோறு எறங்காம உக்காந்திருப்பேன். இது அதே சாதி.”

“அப்ப தரணீதரன் ஆளுங்களே இதைப் பாத்திருக்கலாமே?”

“தண்ணியை அள்ளிட்டுப் போனவன் எதுக்குக் கெணத்தைத் திரும்ப எட்டிப் பார்க்கறான்? போன் வெச்சிருக்கறவங்களைத் தேடறது அவனுக்குச் சுலபம் பாண்டி. போனைத் தொடாத ஒருத்தி எங்கேன்னு தெரியலை. அதுக்குத்தான் நம்ம காலும் கண்ணும்.”

ஸ்கூட்டரை எப்போதும் சைதுன்னிசாதான் ஓட்டுவார். பாண்டி பின்னால் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருவான். மங்கலம் தாண்டியதும் அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. வண்டியை ஓரம் கட்டினார்கள். தரணீதரன்.

“பாண்டித் தம்பிங்களா? ஏதாச்சும் தகவல் கெடைச்சுதுங்களா?”

“தேடிக்கிட்டு இருக்கோம் சார்.”

“பொறுமையாவே தேடுங்க, அவசரமில்லீங்க. சாமளாபுரம் ரோட்டுல பைப்பு பதிக்கக் குழி தோண்டிப் போட்டிருக்கறாங்க. அக்காவை நிதானமா ஓட்டச் சொல்லுங்க.”

“சரிங்க சார், ரொம்ப நன்றி சார்.” பாண்டி போனைப் பையில் போட்டான். “பெரிய மனுசன்க்கா. குழியில விழுந்துறக்கூடாதுன்னு போன் பண்ணிச் சொல்லுதாரு. எங்க பெரியப்பாகூட இப்படிச் சொன்னதில்லை.”

சைதுன்னிசா வண்டியைக் கிளப்பினார். வழக்கமாக எதிரே வரும் ஒவ்வொரு லாரியையும் திட்டிக்கொண்டே ஓட்டுகிறவர், அதன் பிறகு ஒரு லாரியையும் திட்டவில்லை. மூட்டுவலி நிஜமாகவே வந்துவிட்டதோ என்று பாண்டி நினைத்தான்.

சாமளாபுரத்தில் அந்த ரைஸ்மில் எதிரே இளநீர்க் கடை இருந்தது. உடுமலைப் பக்கத்துக் கணியூரிலிருந்து வந்த குட்டி லாரி ஒன்று அப்போதுதான் காய்களை இறக்கிவிட்டுக் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. சைதுன்னிசா ஆளுக்கு ஒரு இளநீர் சொன்னார். பிறகு பாண்டியிடம் கையை நீட்டினார்.

“உன்ர போனைக் குடு. ஒரு பேச்சுப் பேசோணும்.”

பாண்டிக்கு ஆச்சரியமாக இருந்தது. சைதுன்னிசா வைத்திருப்பது பட்டன் அமுக்கும் பழைய போன். தொடுதிரை போனைக் கண்டாலே குழந்தை எச்சில் பண்ணிய தட்டைப் பார்ப்பது போலப் பார்ப்பார். அவர் போனை வாங்கிக்கொண்டு லாரிக்கு அந்தப் பக்கம் போனார். பாண்டி இளநீரை அண்ணாந்து குடித்தான். லாரி புறப்பட்டுப் போனது. சைதுன்னிசா வந்து கடைக்காரரிடம் கேட்ட கேள்வியில் பாண்டி மற்றதை மறந்துவிட்டான்.

“ஏனுங்க, இந்த ஸ்டாப்புல பஸ்ஸுக்கு நிக்கறப்ப போனைப் பார்க்காத பொண்ணு யாராச்சும் உண்டுங்களா?”

கடைக்காரர் அரிவாளோடு யோசித்தார். “வேடிக்கையாக் கேக்கறீங்க. ஆனா ஒண்ணு இருக்குதுங்க. பஸ்ஸு வரலைன்னா எல்லாரும் குனிஞ்சு போனைத் தடவுவாங்க. அந்தப் புள்ளை மட்டும் ரோட்டையே பார்த்துட்டு நிக்கும். கண்ணாடி போட்ட புள்ளைங்க. மாசமா இருக்கற ஒரு அம்மணியை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏத்தி விட வரும். அந்த மூணாவது சந்துல, தறிக்குடோனுக்குப் பின்னால லைன் ஊடு.”

பாண்டி இளநீர் மட்டையைக் கீழே வைத்தான். “அக்கா, போன் இல்லைங்கிறதை வச்சு ஒரு ஆளைக் கண்டுபிடிச்ச ஒரே ஆளு நீங்கதான்.”

சந்துக்குள் நுழைந்ததும் விசைத்தறிச் சத்தம் காதை அடைத்தது. அங்கே யாரும் மெதுவாகப் பேச முடியாது. வரிசை வீடுகளில் முதல் கதவில் கேட்டார்கள், இரண்டாவதில் கேட்டார்கள். மூன்றாவது கதவை வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி பாதி திறந்தாள். மறு பாதியைக் காலால் முட்டுக் கொடுத்திருந்தாள்.

“இங்க யாரும் இல்ல” என்று கத்தினாள்.

“யாரைத் தேடி வந்தோம்னு நாங்க இன்னும் சொல்லலையே அக்கா” என்று பாண்டியும் கத்தினான்.

அவள் முகம் இறுகியது. மூலையில் இருந்த துடைப்பம் அவள் கைக்கு வந்தது. “கம்பெனி ஆளுகளா? வேலையத்தான் புடுங்குனீய்ங்க. வீட்டுக்கும் வந்துட்டீய்ங்களா?”

“விடுங்க வேல்விழி அக்கா.” உள்ளிருந்து கண்ணாடி அணிந்த இளம்பெண் ஒருத்தி வந்தாள். சைதுன்னிசாவை மேலும் கீழும் பார்த்தாள். “துப்பறியறவங்களா? உங்களை வெச்சுத் தரணீதரன் தேடறான்னு தௌபிக் இப்பத்தான் கம்ப்யூட்டர்ல எழுதியிருந்தான். நான் எத்தனைக்கு வித்துட்டேன்னு சொன்னான் உங்ககிட்ட?”

“எத்தனைக்குன்னு சொல்லலைம்மா. பெங்களூர்க்காரங்களுக்குன்னு சொன்னார்.”

“ஊருக்கே பொதுவா எழுதினதை எப்பிடிங்க விக்கறது? ஊர்க் கெணத்தைப் பத்திரம் போட்டு விப்பாங்களா?” இந்துமதி அவர்களை உட்காரச் சொல்லவில்லை. “அவன் ரகசியமா அதுல சேர்த்த பகுதி இருக்குதே, அதைத்தான் எடுத்துட்டு வந்தேன். அது என்ன பண்ணுதுன்னு தெரியுமா உங்களுக்கு? இந்த அக்காகிட்டக் கேளுங்க.”

“கேக்க வேணாம், நானே சொல்லுறேன்” என்றாள் வேல்விழி. துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை. “நான் அயனிங் செக்ஷன்ல இருந்தேன். கல்யாணமாகி ரொம்ப வருசம் கழிச்சு நாள் தள்ளிப்போச்சு. லேடி டாக்டரப் பாக்கப் போனேன். உறுதியாகட்டும்னு எம் புருசன்கிட்டக்கூடச் சொல்லல. மறு வாரம் ஆபீசுல கூப்பிட்டு, ஆள் கொறைக்கிறோம், நீ வர வேணாம்னுட்டாய்ங்க. எம் வயித்துல பிள்ளை இருக்குன்னு எம் புருசனுக்கு முன்னாடி கம்பெனிக்குத் தெரிஞ்சிருக்கு.”

“போன் எந்த ஆஸ்பத்திரி வாசல்ல எத்தனை தடவை நின்னுச்சுன்னு தோழன் பார்த்துட்டே இருக்கும்” என்றாள் இந்துமதி. “‘அடிக்கடி விடுப்பு எடுக்க வாய்ப்புள்ளவர்’னு இவங்க பேருக்கு நேரா ஒரு செவப்புப் புள்ளி. அந்தத் திரையை நான் தற்செயலாப் பார்த்தேன். அன்னைக்கே இவங்களைத் தேடி வந்துட்டேன். சங்கத்துக் கூட்டத்துக்குப் போனா ஒரு நெறம், லேபர் ஆபீசுக்குப் போனா ஒரு நெறம். ஊட்டாளுங்க பார்க்கறதுக்குன்னே தனியா ஒரு பக்கம் இருக்குது. புள்ளை எங்க இருக்கறான்னு அப்பனும் அண்ணனும் தெரிஞ்சுக்கலாம். அதைக் காட்டித்தான் பொண்ணுங்க போன்ல எல்லாம் போட வெச்சாங்க.”

பாண்டிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அது நல்லதுதான? மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாதவுகளுக்கு என்ன பயம்?”

வேல்விழி அவனைத் திரும்பிப் பார்த்தாள். “மறைக்க ஒண்ணுமில்லேன்னு கதவத் தொறந்து வச்சுத்தான் குளிப்பியா நீ?”

பல்லடத்துக்குப் பக்கத்து மில் ஒன்றில் பாண்டியின் தங்கை மூக்கம்மாள் வேலை பார்க்கிறாள். மில் சொன்னது, அண்ணனும் சொன்னான், அவள் போனில் தோழனைப் போட்டுக்கொண்டாள். இந்த வாரம் தரணீதரன் இவன் போனிலும் அதைப் போட்டுக் கொடுத்தபோது, அவரே அந்த வீட்டாள் பக்கத்தையும் திறந்து காட்டினார். அன்றிலிருந்து பொழுது போகாதபோதெல்லாம் பாண்டி அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“உங்க போன்லயும் தோழன் இருக்குதா?” என்று இந்துமதி திடீரென்று கேட்டாள்.

“இருக்கு. உங்க போட்டோவை அதுலதான் அனுப்புனாரு. மத்த வழியெல்லாம் பாதுகாப்பு இல்லைன்னு...”

சொல்லி முடிக்கும் முன்பே இந்துமதியின் முகம் வெளிறிவிட்டது. வாசலுக்கு ஓடிச் சந்தின் இரண்டு முனைகளையும் பார்த்தாள்.

“அறிவிருக்குதாங்க உங்களுக்கு? என்னைக் கண்டுபிடிச்சுச் சொல்றதுக்கா உங்களை அனுப்பினான்? வழி காட்டறதுக்கு அனுப்பியிருக்கறான். நீங்க போற எடமெல்லாம் அவன் உக்காந்த எடத்துல பார்த்துட்டு இருக்கறான். இந்நேரம் கார் கெளம்பியிருக்கும். வேல்விழி அக்கா, கம்ப்யூட்டர் பையை எடுங்க.”

பாண்டியின் கை சட்டைப்பைக்குப் போனது. பை காலியாக இருந்தது. அவன் சைதுன்னிசாவைப் பார்த்தான்.

“பாண்டி, சாமளாபுரம் போறோம்னு நீ அவர்கிட்டச் சொன்னியா?”

“இல்லையேக்கா.”

“நானும் சொல்லலை. தௌபிக் சொல்லியிருக்க மாட்டான். அப்பறம் சாமளாபுரம் ரோட்டுல குழி இருக்குது, பார்த்துப் போங்கன்னு அவர் எப்பிடிச் சொன்னார்?” சைதுன்னிசா சுவரில் சாய்ந்துகொண்டார். “மரியாதை மிஞ்சிப் போச்சு. வாயை மூடிட்டு இருந்திருந்தா நேரா இந்த வாசல்ல வந்து நின்னிருப்பார்.”

“அப்ப போன்?”

“இளநீர் லாரியில, ஓட்டறவர் சீட்டுக்குப் பின்னால. கணியூர்ல ஊட்டுல வெச்சிருங்க, தம்பி வந்து வாங்கிக்குவான்னு சொல்லிக் குடுத்திருக்கறேன்.”

இந்துமதி நம்பாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேல்விழி எடுத்த பையை மார்போடு அணைத்தபடி இருந்தாள். தறிச் சத்தத்தில் கார் வந்தால்கூடக் கேட்காது என்பதால் பாண்டி வாசலிலேயே நின்று சந்து முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சைக்கிள் போனது. நூல் மூட்டையோடு ஒரு மொபெட் போனது.

வெகு நேரத்துக்குப் பிறகு சைதுன்னிசாவின் பட்டன் போன் அடித்தது. அவர் எல்லோரையும் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். தறிச் சத்தம் போனில் கேட்காதபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொல்லி, சத்தமாகப் பேசும் பொத்தானை அமுக்கினார்.

“அக்கா, தரணீதரன் பேசறனுங்க. நல்லா இருக்கீங்களா?”

“நல்லா இருக்கறேனுங்க.”

“உங்களுக்கு எதுக்குங்க வீண் அலைச்சல்? இந்துமதிக்கு உடுமலைப் பக்கம் சொந்தக்காரங்களே கெடையாதுங்க. எதுக்கு அந்த ரோட்டுல போயிட்டு இருக்கறீங்க?”

“நாங்க உடுமலை ரோட்டுல போறோம்னு யாருங்க சொன்னது?”

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

“யாரும் சொல்ல மாட்டாங்க” என்றார் சைதுன்னிசா. “ஏன்னா நாங்க அந்த ரோட்டுல இல்லை. பாண்டியோட போன் மட்டும் இளநீர் லாரியில போயிட்டு இருக்குது. உங்க கார் அதைத் தொரத்திட்டுப் போகுதுங்களா? காத்தாட நல்லாப் போயிட்டு வரச் சொல்லுங்க. ரோட்டுல குழி இருந்தா பார்த்துப் போகச் சொல்லுங்க.”

தரணீதரனின் குரலில் கூப்பிய கை அப்போதுதான் பிரிந்தது. “அந்தத் திருடி உங்க பக்கத்துலதான் இருக்கறாளா? கேட்டுட்டு இருக்கறாளா? கேக்கட்டும். நாளைக்கே திருட்டுக் கேஸ் போட்டு உள்ள தள்ளறேன். பனியன் தைக்கற கூட்டத்துக்கு ரகசியம் ஒரு கேடா? அதுங்களுக்குச் சம்பளம் வந்தாப் போதும். பொம்பளை ஒருத்தி மாசமா இருக்கறான்னு நான் சொன்னா முதலாளிக்கு லாபம். அதுல தப்பு என்ன?”

வேல்விழி போனை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தாள். சைதுன்னிசா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். அதற்குள் தரணீதரன் போனை வைத்துவிட்டார்.

இந்துமதி பையைப் பிடுங்கி, கம்ப்யூட்டரைத் திறந்து தரையில் உட்கார்ந்தாள். “இத்தனை நாள் பயந்துட்டு வெளியிடாம இருந்தேன். வெளியிட்டா நாந்தான்னு தெரிஞ்சிரும்னு. இப்ப என்ன பாக்கி?” தௌபிக்கின் பொதுப் பக்கத்தைத் திறந்தாள். தரணீதரன் ஒளித்து வைத்த பகுதி முழுவதையும், அது என்ன செய்கிறது என்ற விளக்கத்தோடு, அதில் ஏற்றினாள். அனுப்புபவர் பெயர் என்ற இடத்தில் மயிலாள் என்று இருந்தது. அதை அழித்துவிட்டு இந்துமதி என்று தட்டினாள்.

“இதைப் படிச்சுப் புரிஞ்சுக்கறவங்க திருப்பூர்ல எத்தனை பேரு?” என்றார் சைதுன்னிசா.

“தௌபிக்கையும் சேர்த்து ஒரு பத்துப் பேரு இருப்பாங்க.”

“பத்தாதே.” அவர் தன் போனில் ஒரு எண்ணைத் தேடினார். முன்பு அவர் வேலை பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளி நாச்சிமுத்து. வேல்விழியை அனுப்பியதும் அதே கம்பெனிதான். அவர் ஒன்றைத் தூக்கிப்போட்டால் ஊரில் மற்ற முதலாளிகளும் தூக்கிப்போடுவார்கள்.

நாச்சிமுத்து முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அதுக்கு என்னங்க பண்றது சைதுன்னிசா? கம்பெனின்னா நாலும் பார்க்கத்தான் வேணும். ஆர்டர் நேரத்துல லீவு போட்டா யாருக்கு நட்டம்? பாவந்தான், நான் இல்லைன்னு சொல்லலீங்க” என்றார்.

சைதுன்னிசா போனைக் கையால் மூடினார். “முதலாளிங்க போன்லயும் தோழன் இருக்குதாம்மா?”

“இல்லாமயா? ரிப்போர்ட் பார்க்கறதுக்கு அவங்களுக்குத் தனித் தோழன். அதுவும் அவங்க போற வர்ற எடத்தையெல்லாம் எழுதிட்டேதான் இருக்கும்.”

“இவர் போன வாரம் எங்க போனார்னு சொல்லு.”

இந்துமதி நிமிர்ந்து பார்த்தாள். “சொல்ல மாட்டேன். சொன்னா எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?”

சைதுன்னிசாவின் முகத்தில் அன்று முதன்முதலாக ஒரு சிரிப்பு வந்தது. போனைத் திரும்பக் காதில் வைத்தார்.

“முதலாளி, இன்னொண்ணு. உங்க போன்ல இருக்கற தோழனும் அதையேதான் பண்ணுது. போன வாரம் நீங்க எங்கெங்க போனீங்க, எங்க எவ்வளவு நேரம் இருந்தீங்கன்னு தரணீதரனுக்குத் தெரியும். பணம் குடுத்தா மத்த முதலாளிங்களுக்கும் தெரியும். எந்த எடம்னு நான் கேக்கலீங்க. உங்களுக்கே தெரியும்.”

போனில் தூரத்தில் எங்கோ கார் ஹாரன் கேட்டது. அப்புறம் ஒரே ஒரு சொல் வந்தது.

“என்னையுமா?”

அடுத்த நாள் காலையில் திருப்பூரில் கம்பெனி வாசல்தோறும் அறிவிப்பு ஒட்டியிருந்தது. தோழன் செயலியைத் தொழிலாளர்கள் உடனே போனிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தது, காரணம் போடவில்லை. வேல்விழியை யாரும் திரும்ப வேலைக்குக் கூப்பிடவில்லை. தரணீதரன் மிரட்டியபடி திருட்டுக் கேஸ் கொடுக்கப் போனார். எதைத் திருடினாள் என்று எழுதும் இடத்தில், தொழிலாளியின் வயிற்றைக் கண்காணிக்கும் பகுதியை என்று எழுத முடியாமல் திரும்பிவிட்டதாகக் கேள்வி. தௌபிக் இவர்கள் இருவருக்கும் நன்றி சொல்லவில்லை. இன்னொரு முறை கடைக்கு வந்தால் உட்காரலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தான்.

பாண்டி இரண்டு பஸ் மாறிக் கணியூர் போய்த் தன் போனை வாங்கிக்கொண்டு திரும்பினான். காதர்பேட்டை மாடிப்படியில் ஏறும்போது அது அடித்தது. மூக்கம்மாள்.

“அண்ணே, தோழனை எடுத்துறணும்னு மில்லுல சொல்லிட்டாக. நாம எங்க போனாலும் அதுல தெரியுமாம்லா?”

“ஆமாட்டி. எடுத்துரு, உடனே எடுத்துரு.”

“ஒனக்கும் தெரிஞ்சுதா?”

பாண்டி படியிலேயே நின்றான். பொய் ஒன்று நாக்கு வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கினான். “தெரிஞ்சுது.”

“வெள்ளிக்கெழமை நான் எங்க இருந்தேன்னும் தெரியுமா?”

பாண்டி படியில் உட்கார்ந்தான்.

“நான் எங்க மில்லு தேன்மொழிகூடப் பார்க்குக்குப் போயிருந்தேன். நீ போன் பண்ணி எங்க இருக்கன்னு கேட்ட. நான் பயந்துக்கிட்டு மில்லுன்னேன். சரின்னு சொன்ன. நான் பொய் சொல்லுதேன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்ருக்க என்ன?”

“அப்படி இல்லட்டி மூக்கம்மா, வெளியூர்ல இருக்க, பாதுகாப்புக்குத்தான்...”

போன் அணைந்தது. பாண்டி திரும்பக் கூப்பிட்டான். மணி அடித்து நின்றது. மேலே கதவைத் திறந்த சைதுன்னிசா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அவன் மறுபடி கூப்பிட்டான். இந்த முறை யாரோ எடுத்தார்கள். மூக்கம்மாளின் குரல் இல்லை, வேறு ஒரு பெண்.

“மூக்கம்மா இருக்காளாம்மா?” என்றான்.

பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“இங்க இல்லைன்னு சொல்லச் சொல்லுதாண்ணே” என்றாள் அந்தப் பெண்.